அந்தக் கை ஏன் சுட்டது?

என் மகளுக்கு அந்த வாரம் முழுக்க இரவுப் பணி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையில் சுருட்டிய சப்பாத்தி, இன்னொரு கையால் கோட்டுப் பொத்தான். வாசலில் நின்றபடி சொன்னாள்: "ஏதோ டிராகுலா படம் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாம்மா. அதுல 12னு போட்டிருக்கு, இவனுக்குப் பத்துதான் ஆகுது. சண்டே ஸ்கூல் நடத்துனவங்க நீங்க, பாத்து முடிவு பண்ணுங்க." கதவு சாத்திக்கொண்டது. கிளாஸ்கோவில் அக்டோபர் மாதம் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. வெளியே மழை. சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த பேரன் தீர்ப்புக்குக் காத்திருந்தான்.

பாளையங்கோட்டையில் இதெல்லாம் எனக்குப் பழகிய வேலை. பள்ளியில் வரலாறு கற்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் 31 வருடம் ஓய்வுநாள் பாடசாலை. இந்தப் படத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா, அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுக்கலாமா என்று சபைப் பெற்றோர் கேட்டபோதெல்லாம் யோசிக்காமல் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்பவருக்கு நஷ்டமே கிடையாது. நீங்கள் தடுத்ததால் என் பிள்ளை கெட்டுப்போனான் என்று இதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

இந்த முறையும் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவன் கேட்டான்: "ஆச்சி, நீங்க பாத்திருக்கீங்களா?"

இல்லை.

"அப்ப எப்படி வேண்டாம்னு சொல்வீங்க?"

அவன் தூங்கிய பிறகு தனியாகப் பார்த்தேன். இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் எடுத்து 1958இல் வெளிவந்த 'டிராகுலா'. டெரன்ஸ் ஃபிஷர் இயக்கம். டிராகுலா பிரபுவாகக் கிறிஸ்டோஃபர் லீ, அவரை வேட்டையாடும் மருத்துவர் வான் ஹெல்சிங்காகப் பீட்டர் குஷிங். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ரத்தம் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல அத்தனை சிவப்பு. இரண்டு இடங்களில் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு இடத்தில் சிரித்தும்விட்டேன். ஆனால் படம் முடிந்தபின் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ரத்தமும் அல்ல, பல்லும் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 12. பிரிட்டனில் பேய்ப்படங்களுக்கென்றே 1932இல் 'ஹெச்' என்று ஒரு முத்திரை வைத்தார்கள். 1951இல் 'எக்ஸ்' வந்தது; 16 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. 1958இல் இந்த டிராகுலாவுக்குக் கிடைத்தது அந்த எக்ஸ்தான். அதுவும் தணிக்கைக்காரர்கள் சில காட்சிகளை வெட்டிய பிறகு. பல வருடம் கழித்து, வெட்டிய துண்டுகளில் சில ஜப்பானில் இருந்த ஒரு பிரதியில் கிடைத்தன, அவற்றையும் சேர்த்துப் படத்தைப் புதுப்பித்தார்கள். ஆக, அன்று பதினாறு வயதுக்காரனுக்குக் காட்டத் துணியாததையும் சேர்த்து இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாம் என்கிறார்கள். படம் மாறவில்லை, பார்க்கிற கண்தான் தடித்துப்போயிற்று. அந்த எண்ணைப் போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பல் எவ்வளவு நேரம் தெரிகிறது, ரத்தம் எங்கே சிந்துகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஒரு பிள்ளைக்குக் கடவுளைப் பற்றி இந்தப் படம் என்ன சொல்லிக்கொடுக்கிறது என்பது அவர்கள் பார்க்கிற வேலை அல்ல. அது என் வேலை.

கீழ்த்தளத்தில் எண்பதை நெருங்கும் ஒரு ஸ்காட்லாந்து அம்மாள் இருக்கிறார். மறுநாள் மாடிப்படியில் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கோர்பல்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். என் அண்ணன் ரத்தக்காட்டேரியைப் பிடிக்கப் போன இடம் அது" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே நடந்த சம்பவம். 1954 செப்டம்பரில் ஒரு மாலை, கிளாஸ்கோவின் கோர்பல்ஸ் பகுதியில் சதர்ன் நெக்ரோபோலிஸ் என்கிற பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் புகுந்துவிட்டார்கள். நாலு வயதுப் பொடிசுகூட உண்டாம். கையில் கத்தி, கூராக்கிய குச்சி. ஏழடி உயரம், இரும்புப் பல், இரண்டு பையன்களைத் தின்றுவிட்டது: அதைத் தேடித்தான் வந்தார்கள். பின்னால் இரும்பு உருக்கும் ஆலை. அதன் நெருப்பு வானத்தைச் சிவப்பாக்கிக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லறைக் கல்லும் எழுந்து நின்றிருக்கும். போலீஸ் வந்தது, ஒரு தலைமையாசிரியர் வந்து அதட்டினார், கடைசியில் மழைதான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியது. மறுநாளும் வந்தார்கள். அந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளையும் காணாமல் போயிருக்கவில்லை.

பெரியவர்கள் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: அமெரிக்காவிலிருந்து வரும் பேய்க்கதைச் சித்திரப் புத்தகங்கள். ஏற்கெனவே அவற்றுக்கு எதிராக ஒரு கூட்டணி சேர்ந்திருந்தது. ஆசிரியர்களும் கிறிஸ்தவர்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே மேடையில் நின்ற அபூர்வக் கூட்டணி. 1955இல் பாராளுமன்றம் பிள்ளைகளுக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கச் சட்டமே கொண்டுவந்தது.

ஒரே ஒரு சிக்கல். இரும்புப் பல் வைத்த ரத்தக்காட்டேரி எந்தச் சித்திரப் புத்தகத்தில் வருகிறது என்று யாராலும் காட்ட முடியவில்லை. பிறகு ஆராய்ந்தவர்கள் இரண்டு இடங்களைச் சொன்னார்கள். ஒன்று, தூங்காத பிள்ளையை மிரட்ட இரும்புப் பல் கிழவியைக் கூப்பிடும் ஒரு ஸ்காட்லாந்துப் பாட்டு, பள்ளியில் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது, வேதாகமத்தில் தானியேல் 7ஆம் அதிகாரம். அந்தத் தீர்க்கதரிசி கனவில் கண்ட நாலாவது மிருகத்துக்குப் பெரிய இரும்புப் பற்கள்.

படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மிருகத்தை அட்டையில் வரைந்து, பல்லுக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டி, விடுமுறை வேதாகமப் பள்ளியில் காட்டியவள் நான். எத்தனை பிள்ளைகள் அந்தப் பல்லோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்களோ! யாகேல் கதையையும் விட்டுவைக்கவில்லை. அசந்து தூங்குகிற சிசெராவின் நெற்றிப்பொட்டில் கூடாரத்து ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறாளே, அந்தக் கதை. ஃபிளானல் பலகையில் படத்தை ஒட்டி, ஆணியை எப்படிப் பிடித்திருப்பாள் என்று கையால் நடித்தே காட்டியிருக்கிறேன். நடுநிலை வகுப்புப் பையன்களுக்கு அந்த வாரம் வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. இதே நான், டிராகுலா படத்தில் மார்பில் மரமுளை இறங்குகிறது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்வதா?

பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கலிடோனியா சாலையில் கோட்டை வாசல்போல ஒரு கல்வாசல். உள்ளே ஈரப்புல், சாய்ந்த கற்கள், நாயோடு நடக்கும் இரண்டு பேர். அவன் காட்டேரியைத் தேடி ஓடினான். நான் நின்றது தாமஸ் லிப்டன் கல்லறை முன்னால். ஆமாம், டீத்தூள் லிப்டனேதான், கிளாஸ்கோக்காரர். 1890இல் இலங்கைக்குப் போய்த் தோட்டங்கள் வாங்கினார். அந்த மலைகளில் கொழுந்து பறிக்க முதுகு வளைந்தவர்கள் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய ஜனங்கள். ரத்தம் உறிஞ்சுவதைப் பற்றி இந்த இடத்தில் நின்று யோசிக்கக் கூடாது என்று என்னையே அதட்டிக்கொண்டு நகர்ந்தேன்.

பிள்ளைக்குப் பயங்காட்டும் பெரியவர்கள் மீது பிளேட்டோவுக்கு ரொம்பக் கோபம். தேவர்கள் இராத்திரியில் வேஷம் மாற்றித் திரிகிறார்கள் என்று தாய்மார் கதை சொல்லிப் பிள்ளைகளைக் கோழைகளாக்கக் கூடாது என்று 'குடியரசு' நூலில் சோக்ரதேஸைச் சொல்லவைக்கிறார். அவருடைய ஊரில் என் தாயாருக்கும் இடமிருந்திருக்காது, எனக்கும் இருந்திருக்காது. எனக்கு அதைவிடத் திருச்சபைப் பிதாவான அகுஸ்தீன் சொல்லும் அலீப்பியஸ் கதைதான் உறைக்கிறது. ரோமாபுரியில் சிநேகிதர்கள் அலீப்பியஸை மல்லுக்கட்டிக் கொலைவிளையாட்டுக்கு இழுத்துப்போகிறார்கள். உடம்பு வந்தாலும் மனசு வராது என்று கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருக்கிறான். திடீரென்று கூட்டம் அலறுகிறது. ஒரு நொடி கண்ணைத் திறக்கிறான். அவ்வளவுதான், அந்த வெறியைக் குடித்துவிடுகிறான், அடுத்த முறை மற்றவர்களை அழைத்துவருகிறவனே அவன்தான். அவனைக் கெடுத்தது பயம் அல்ல, ரசனை. பிறன் உடம்பு கிழிவதைப் பார்த்துக் குதிக்கிற கூட்டத்தில் ஒருவனானதுதான் அவன் வீழ்ச்சி. பிள்ளை பயப்படுகிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அவன் பயப்படாமல் கைதட்டினால்தான் நான் எழுந்து படத்தை நிறுத்துவேன்.

டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் அயர்லாந்துக்காரர், 1847இல் டப்ளினில் பிறந்தவர். ஏழு வயதுவரை படுக்கையை விட்டு எழாத நோஞ்சான் பிள்ளை. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய தாயார் சொன்ன கதைகள் என்ன தெரியுமா? 1832இல் தன் சொந்த ஊரான ஸ்லைகோவைக் காலரா வாரிக்கொண்டு போனது, உயிர் இருக்கும்போதே மனிதர்களைப் புதைத்தது. இன்றைய பெற்றோர் யாராவது நோயாளிப் பிள்ளைக்கு இந்தக் கதை சொல்வார்களா? அந்தத் தாயார் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். 1897இல் அந்தப் பிள்ளை புத்தகமாக எழுதினான்.

அந்தப் புத்தகத்தின் ஆரம்பத்தில் ஒரு சின்னக் காட்சி; எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஜனங்கள் யாரானாலும் நெளிவார்கள். டிராகுலாவின் கோட்டைக்குப் புறப்படும் ஆங்கில இளைஞன் ஹார்க்கரின் கழுத்தில், விடுதிக்காரக் கிழவி தன் செபமாலைச் சிலுவையைக் கழற்றிப் போடுகிறாள். அவன் இங்கிலாந்துத் திருச்சபைக்காரன். சுரூபம் வைத்த சிலுவை விக்கிரகம் மாதிரி என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். மறுக்கவும் மனமில்லை, ஏற்கவும் கூச்சம். எங்கள் தாத்தா காலத்தில் மிஷனரிகள் எங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் கோவிலில் சிலுவை உண்டு, அதில் ஆள் கிடையாது. பிறகு கதை போகப்போகச் சிலுவை ஆயுதமாகிறது. திருவிருந்து அப்பத்தையே பிசைந்து கல்லறைக் கதவு இடுக்கில் அடைக்கிறார்கள். படத்தில் அப்பம் இல்லை. ஆனால் சிலுவை டார்ச் லைட் மாதிரி வேலை செய்கிறது. நீட்டினால் பேய் பின்வாங்கும். கடைசிச் சண்டையில் கையில் சிலுவைகூட இல்லை, இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடிக்கிறார் வான் ஹெல்சிங், போதுமாயிருக்கிறது. விசுவாசம் வேண்டாம், ஜெபம் வேண்டாம், கோணம் சரியாக இருந்தால் சரி.

இது தாயத்து, கிறிஸ்தவம் அல்ல என்று முகத்தைச் சுளித்த அதே ராத்திரி எனக்கு என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தது ஞாபகம் வந்தது. கெட்ட கனவு என்று அழுத நாட்களில் அவள் தலையணைக்குக் கீழே வேதாகமத்தை வைத்தவள் யார்? 91ஆம் சங்கீதத்தைப் படித்துவிட்டுப் படுத்தால் எதுவும் கிட்ட வராது என்று மாத்திரைச் சீட்டு மாதிரி சொன்னவள் யார்? வான் ஹெல்சிங்கிடம் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டு இருந்தது. என்னிடம் கருப்பு அட்டை வேதாகமம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் சேர்ந்து பார்த்தோம். ரிமோட் என் கையில். நடுவில் பேசலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது ஒப்பந்தம். பல் தெரிந்தபோது அவன் சிரித்தான். அவனுக்கு அது பழைய படம், பழைய சிவப்பு. முதல்முறை அவன் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது டானியா காட்சியில். காட்டேரியாகிவிட்ட லூசி, தனக்குத் தெரிந்த சின்னப் பெண்ணான டானியாவை ராத்திரியில் கையைப் பிடித்துக் கல்லறைப் பக்கம் நடத்திப்போகிறாள். தெரிந்தவர்களின் கை. அதுதான் அவனைத் தொட்டது. வான் ஹெல்சிங் வந்து லூசியைத் துரத்திய பிறகு, உடனே அவள் பின்னால் ஓடவில்லை. குளிரில் நிற்கிற பிள்ளையிடம் போகிறார். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துகிறார். கரடிப்பொம்மை மாதிரி இருக்கிறாய் என்று சொல்லிச் சிரிக்கவைக்கிறார், சிலுவையை நகை போடுவதுபோலப் போட்டுவிடுகிறார், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிரு, சூரியன் வரும் என்று காட்டுகிறார். அதற்குப் பிறகுதான் உள்ளே போகிறார். உள்ளே நடப்பதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டியதில்லை. ஆனால் எதுவுமே நடக்கவில்லை என்று அவளிடம் பொய்யும் சொல்லவில்லை.

"அவருக்குக் குளிராதா?" என்றான் பேரன்.

"குளிரும்."

அடுத்தது மீனா. டிராகுலா அவளையும் கடித்துவிட்டான்; அவள் மறைக்கிறாள். புருஷன் ஒரு சிலுவையை அவள் உள்ளங்கையில் வைக்கிறான். கை பொசுங்குகிறது. அலறி விழுகிறாள். உள்ளங்கையில் சிலுவை வடிவத்திலேயே தழும்பு. பேரன் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினான்.

"அவங்க ஒண்ணும் பண்ணலியே ஆச்சி. அவன்தானே கடிச்சான். இவங்க கை ஏன் சுட்டுது?"

என்னைத் தூங்கவிடாமல் செய்த காட்சி இதுதான். 31 வருடத்தில் இந்தக் கேள்வியை என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை என்று எழுத ஆசை. அது பொய். ஒரு பெண்பிள்ளை கேட்டிருக்கிறாள், வேறு சொற்களில். அவள் தாயாரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. கெடுத்தவன் வேறு ஊர்க்காரன், பெரிய இடம். சபை மூப்பர்கள் கூடிப் பேசி, அந்தத் தாயாரைத் திருவிருந்துக்கு வர வேண்டாம் என்று தடுத்துவைத்தார்கள். அவன் ஊரில் அவன் பாட்டுக்கு முழங்கால்படியிட்டு அப்பம் வாங்கிக்கொண்டிருந்தான். "எங்கம்மா மட்டும் ஏன் டீச்சர் பெஞ்சிலயே உக்காந்திருக்காங்க?" என்றாள் அந்தப் பிள்ளை. மனப்பாட வசனத்தைச் சொல்லு என்று பேச்சை மாற்றினேன்.

கடிபட்டவளைச் சுடும் சிலுவையை இந்தப் படம் கண்டுபிடிக்கவில்லை. அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெஞ்சின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்து பார்த்திருக்கிறேன்.

இந்த முறை பேச்சை மாற்றவில்லை. படத்தை நிறுத்தியபடியே வைத்துவிட்டு, பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையைச் சொன்னேன். பன்னிரண்டு வருடம் ரத்தம் நிற்காத பெண். தீட்டு என்று எல்லாரும் விலக்கிவைத்தவள். கூட்டத்துக்குள் நுழைந்து பின்னாலிருந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். அவள் தொட்டதால் அவருக்குத் தீட்டு ஒட்டவில்லை, அவர் உடையில் பட்டதால் அவள் கை சுடவும் இல்லை. ரத்தம் நின்றது. மகளே என்று கூப்பிட்டார். "அதனால இந்தப் படம் எடுத்தவங்க இந்த இடத்துல தப்பு பண்ணிட்டாங்க" என்று முடித்தேன்.

அவன் யோசித்தான். மறுபடி ஓடவிட்டான். கடைசியில் வெயில் பட்டு டிராகுலா சாம்பலாகிறான். அதே வேளையில் மீனாவின் உள்ளங்கைத் தழும்பு மெல்ல மறைகிறது. எனக்கு நிம்மதி. பார்த்தாயா, சரியாகிவிட்டது என்றேன்.

"டிராகுலா செத்தப்புறம்தானே போச்சு? அவன் சாகலைன்னா அது அப்படியேதான் இருந்திருக்குமா?"

அதற்கு என்னிடம் கதை இல்லை.

அவனுடைய சிநேகிதர்கள் பார்க்கிற ஒரு கார்ட்டூன் உண்டு, 2012இல் வந்த 'ஹோட்டல் டிரான்சில்வேனியா'. அதில் டிராகுலா மகளைப் பற்றியே கவலைப்படுகிற ஒரு தகப்பன், வேடிக்கையான ஆள். எந்தப் பெற்றோரும் அதைத் தடுக்க மாட்டார்கள், நானும் தடுக்க மாட்டேன். பிள்ளை அதைப் பார்த்து அலறியெழ மாட்டான். ஆனால் யாரையும் இப்படி ஒரு கேள்வி கேட்டு மடக்கவும் மாட்டான். மகள் காலையில் என்ன முடிவு என்று கேட்பாள். பத்து வயதுக்காரனுக்கு, பக்கத்தில் ஆள் இருந்தால், நிறுத்துகிற உரிமை அவனுக்கும் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்ல வைத்திருந்தேன். என் பாடசாலையின் சின்ன வகுப்புக்குக் காட்ட மாட்டேன். நாற்பது பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துக் காட்டினால் மீனாவின் கையைப் பார்த்துவிட்டு நாற்பதும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடும். யார் நெஞ்சில் அது தங்கிவிட்டது என்று எனக்குத் தெரியாது.

ராத்திரி ஒரு மணி இருக்கும். நடைக் கதவு லேசாகத் தட்டப்பட்டது. தலையணையைக் கையிலேயே கொண்டுவந்திருந்தான். என் மேஜைமேல் வேதாகமம் இருந்தது, கை அதன் பக்கம் போனது, எடுக்கவில்லை. சுவரோரம் நகர்ந்து இடம் விட்டேன். ஒற்றைக் கட்டில். அவன் பாதம் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. என் சால்வையை அவன்மேல் இழுத்துவிட்டேன்.

"சூரியன் எத்தன மணிக்கு வரும் ஆச்சி?"

பாளையங்கோட்டை என்றால் ஆறு மணி என்று சொல்லியிருப்பேன். "இந்த ஊர்ல இப்பெல்லாம் எட்டு மணி ஆயிரும்யா."

"அவ்வளவு நேரமா?"

"ஆமா. அவ்வளவு நேரம்தான்."

சால்வையில் பாதியை என் தோள்மேல் திருப்பிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.